வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கண்டம்: மும்பைக்கு எந்தப் பனி முக்கியம்?

தாராவி 90 அடி ரோடு பக்கம் குடியிருந்துகொண்டு அரசுத் தேர்வுக்குப் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “வடதுருவம், தென்துருவம் இரண்டுமே பனிதானே, ஏன் தனித்தனியாகப் படிக்கச் சொல்கிறார்கள்? ஆர்க்டிக் உருகுகிறது என்று அடிக்கடி செய்தி வருகிறது. அது முழுக்க உருகினால் மாஹிம் கடல் எங்கள் தெருவுக்குள் வந்துவிடுமா? இந்தியா அவ்வளவு தூரம் போய் நிலையம் கட்டி வைத்திருப்பது எதற்கு?”

மும்பையில் முப்பது ஆண்டு புவியியல் பாடம் எடுத்தவன் நான். இந்த மாதிரி கேள்வி வந்தால் சுருக்கமாகச் சொல்லி அனுப்ப மனம் வராது. கேட்டது மூன்று கேள்வி. மூன்றுக்கும் விடை ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது: பனிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

வடக்கே பனிக்கு அடியில் இருப்பது கடல். ஆர்க்டிக் பெருங்கடல் சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர், பெருங்கடல்களிலேயே சிறியது. அதைச் சுற்றி ரஷ்யா, நார்வே, கிரீன்லாந்து, கனடா, அலாஸ்கா என்று நிலம் வேலி போட்ட மாதிரி நிற்கிறது. வடதுருவப் புள்ளியில் நின்றால் காலுக்குக் கீழே இரண்டு, மூன்று மீட்டர் பனி, அதற்குக் கீழே 4 கிலோமீட்டருக்கும் மேல் தண்ணீர். தென்துருவம் இதற்கு நேர்மாறு. அங்கே இருப்பது ஒரு கண்டம். அதன் பரப்பும் ஏறத்தாழ 1.4 கோடி சதுர கிலோமீட்டர்தான், ஆனால் சுற்றிலும் கடல். தென்துருவப் புள்ளி கடல் மட்டத்திலிருந்து 2,835 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியை விட உயரம். அந்த உயரத்தில் பெரும்பகுதி பாறை அல்ல, பனியே.

குளிரும் இதனால்தான் மாறுகிறது. கடல்நீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரியில் உறையும். அதற்குக் கீழே எவ்வளவு குளிர் அடித்தாலும், மெல்லிய பனிக்கு அடியில் இருக்கும் கடல் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை மேலே விட்டுக்கொண்டே இருக்கும். தெற்கே அந்த அடுப்பு கிடையாது. உயரமும் சேர்ந்துகொள்கிறது. 1983 ஜூலை 21 அன்று அண்டார்டிகாவின் வோஸ்டோக் நிலையத்தில் மைனஸ் 89.2 டிகிரி பதிவானது. தரையில் வைத்த கருவி அளந்ததில் உலகிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை அதுதான். வடக்கே இன்யூட், சாமி, நெனெட்ஸ் போன்ற பூர்வகுடிகளும் பின்னால் வந்து குடியேறியவர்களுமாகச் சுமார் 40 லட்சம் பேர் வாழ்கிறார்கள். தெற்கே நிரந்தரக் குடிமக்கள் ஒருவர்கூட இல்லை. அங்கே இருப்பவர்கள் எல்லாம் வந்து போகிறவர்கள்.

ஒரு சின்ன இடைச்செருகல். அந்தக் கண்டம் நமக்கு அந்நியமும் இல்லை. கோண்ட்வானா என்ற பழைய பெருநிலத்தில் இந்தியாவின் கிழக்குக் கரையும் கிழக்கு அண்டார்டிகாவும் ஒட்டிக்கொண்டு கிடந்தவை. இன்று அண்டார்டிகாவின் லார்ஸ்மன் குன்றுப் பகுதிப் பாறைகளை நம் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளோடு வைத்து ஒப்பிட்டுப் படிக்கிறார்கள். பிரிந்துபோன சொந்தக்காரர் வீடு என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, உருகும் கதைக்கு வருவோம். வகுப்பில் நான் வழக்கமாகச் செய்து காட்டும் சோதனையை வீட்டிலேயே செய்து பாருங்கள். இரண்டு எவர்சில்வர் டம்ளர். முதல் டம்ளரில் ஐஸ்கட்டிகளைப் போட்டு மிதக்கவிட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டாவது டம்ளரில் வெறும் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி, மேலே டீ வடிகட்டியை வைத்து அதில் ஐஸ்கட்டியைப் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் முதல் டம்ளர் வழிந்திருக்காது. இரண்டாவது வழிந்து மேசை நனைந்திருக்கும். மிதக்கும் பனி தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஏற்கெனவே விலக்கி வைத்திருக்கிறது. உருகும்போது அந்த இடத்தைத்தான் நிரப்பிக்கொள்கிறது. வெளியே இருந்த பனி உருகினால் அது புதுத் தண்ணீர்.

ஆர்க்டிக் கடற்பனி முதல் டம்ளர். அது முழுக்க உருகினாலும் கடல் மட்டம் குறிப்பிடும்படி உயராது. உப்பு நீரில் நன்னீர்ப் பனி கரைவதால் வரும் வித்தியாசம் மிகச் சிறியது. கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் வடிகட்டியில் இருக்கும் ஐஸ். கிரீன்லாந்துப் பனி மொத்தமும் உருகினால் உலகக் கடல் மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும். அண்டார்டிகாவினுடையது முழுக்கக் கரைந்தால் சுமார் 58 மீட்டர். உலக நன்னீரில் ஏறக்குறைய 70 சதவீதம் அங்கேதான் உறைந்து கிடக்கிறது. பயப்பட வேண்டாம், அது முழுக்க உருகப் பல ஆயிரம் ஆண்டுகள் பிடிக்கும். நம் கவலை அதன் ஓரங்களைப் பற்றியது.

இன்றைய வேகத்தைக் கணக்காகவே பார்க்கலாம். 2002 முதல் செயற்கைக்கோள்கள் பூமியின் ஈர்ப்பு விசையில் வரும் மாற்றத்தை அளந்து, பனியை எடை போட்ட மாதிரி கணக்கிடுகின்றன. கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக 27,000 கோடி டன் பனியை இழக்கிறது, அண்டார்டிகா சுமார் 15,000 கோடி டன். 36,000 கோடி டன் பனி கடலில் சேர்ந்தால் உலகக் கடல் மட்டம் ஒரு மில்லிமீட்டர் ஏறும். அப்படியானால் இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதோடு இமயமலை, ஆல்ப்ஸ் மாதிரியான மலைப் பனியாறுகள் உருகும் நீர், சூடேறிய கடல்நீர் விரிவது எல்லாம் சேர்ந்து 2006 முதல் 2018 வரை கடல் மட்டம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது. 1901 முதல் 2018 வரை மொத்தம் 20 சென்டிமீட்டர்.

இப்போது ஒரு வினோதம், பலருக்குத் தெரியாது. கடல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் உயர்வதில்லை. கிரீன்லாந்தின் பனி அவ்வளவு பெரிய பொருள் என்பதால் தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்துவைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்தப் பிடி தளரும். கிரீன்லாந்துக்குப் பக்கத்திலேயே கடல் இறங்கும், அங்கிருந்து விலகிய தண்ணீர் தொலைவில் போய்ச் சேரும். அண்டார்டிகாவுக்கும் இதே விதிதான். நாம் இரண்டு பனிக்கும் தொலைவில், நிலநடுக்கோட்டுப் பக்கத்தில் இருக்கிறோம். எங்கே உருகினாலும் நம் பங்கு வந்து சேரும்.

அண்டார்டிகாவில் ஆய்வாளர்கள் கண் வைத்திருக்கும் இடம் மேற்குப் பக்கம் இருக்கும் த்வெய்ட்ஸ் பனியாறு. சுமார் 120 கிலோமீட்டர் அகலம், கிட்டத்தட்ட பிரிட்டன் அளவு பரப்பு. இது மட்டும் கரைந்தால் கடல் 65 சென்டிமீட்டர் உயரும். இதன் சிக்கல் காற்றில் இல்லை, தரையில் இருக்கிறது. இந்தப் பனியாறு உட்கார்ந்திருக்கும் பாறைத் தரை கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, அதுவும் உள்ளே போகப் போக இன்னும் பள்ளம். ஆழத்தில் வரும் கொஞ்சம் சூடான கடல்நீர் பனியின் அடியை அரிக்கிறது. பனி தரையைத் தொட்டு நிற்கும் கோடு பின்வாங்கினால் அடுத்த இடத்தில் பனி இன்னும் தடிமன், இன்னும் வேகமாகக் கடலுக்குள் வழியும். அதனால் மேலும் பின்வாங்கும். மணல் கரையில் அலை அடியைப் பறித்துக்கொண்டே போனால் மேலே நிற்கும் திட்டு சரிவதைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. 2018 முதல் அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து இதற்கென்றே ஒரு பெரிய ஆய்வை நடத்தின.

கடலில் நீட்டிக்கொண்டு மிதக்கும் பனித்தட்டுகள் தாமாக உருகினால் கடல் உயராது, அவை முதல் டம்ளர்தான். ஆனால் அவை பின்னால் இருக்கும் பனியாறுகளுக்குத் தடுப்பு மாதிரி நிற்கின்றன. 2002இல் லார்சன் பி என்ற தட்டு, சுமார் 3,250 சதுர கிலோமீட்டர், ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் நொறுங்கிப்போனது. பெருநகர மும்பையைப் போல ஐந்து மடங்கு. அப்புறம் அதன் பின்னால் இருந்த பனியாறுகள் பல மடங்கு வேகமெடுத்தன. தடுப்பு போனால் என்ன நடக்கும் என்று உலகம் கண்கூடாகப் பார்த்த நிகழ்ச்சி அது.

அப்படியானால் ஆர்க்டிக் கடற்பனி உருகுவது நமக்குப் பொருட்டே இல்லையா என்றால், அப்படியில்லை. அதன் வேலை வேறு. பனி படர்ந்த கடல் வெயிலில் பாதிக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும், புதுப்பனி விழுந்திருந்தால் 80 சதவீதத்துக்கும் மேல். பனி போய்க் கருத்த கடல்நீர் தெரிந்தால் கிட்டத்தட்ட எல்லா வெயிலையும் விழுங்கிக்கொள்ளும். விழுங்கிய சூடு மேலும் பனியைக் கரைக்கும். இந்தச் சுழல் முக்கியக் காரணமாக, 1979க்குப் பிறகு ஆர்க்டிக் உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது. கோடை முடிவில் மிச்சமிருக்கும் கடற்பனி 2012 செப்டம்பரில் சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு இறங்கியது. 1980களில் சராசரி இதைப் போல இரண்டு மடங்கு இருந்தது.

இது மழைக்காலத்தோடும் தொடர்புடையதா? கோவாவில் இருக்கும் நம் துருவ ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் 2021இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ரஷ்யாவுக்கு வடக்கே இருக்கும் காரா கடலில் கோடைப் பனி குறையும் ஆண்டுகளுக்கும், மத்திய இந்தியாவில் பருவமழை முடியும் நேரத்தில் கொட்டும் பெருமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்றார்கள். இது சாத்தியமான தொடர்பு, முடிந்த முடிவல்ல. தேர்வில் எழுதும்போது அந்த வித்தியாசத்தை விட்டுவிடாதீர்கள். பாதி அறிவியலே அந்த “கூடும்” என்ற சொல்லில் இருக்கிறது.

அதே வடக்கில் நிலமும் உருகுகிறது. சைபீரியா, அலாஸ்கா, கனடாவில் ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் மண்ணில், இன்று காற்றில் உள்ள கார்பனைப் போல ஏறக்குறைய இரு மடங்கு கார்பன் புதைந்திருக்கிறது. அழுகாமல் குளிர்பெட்டியில் வைத்த மாதிரி இருந்த தாவர மிச்சங்கள் அவை. மண் இளகினால் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும், கரியமில வாயுவும் மீத்தேனும் வெளிவரும். வீடு, சாலை, குழாய் எல்லாம் அந்த உறைந்த மண்ணை நம்பித்தான் நிற்கின்றன. 2020 மே மாதம் ரஷ்யாவின் நோரில்ஸ்க் அருகே ஓர் எரிபொருள் தொட்டி இடிந்து சுமார் 21,000 டன் டீசல் ஆறுகளிலும் மண்ணிலும் கலந்தது. அடித்தளத்து மண் இளகியது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அடுத்த மாதமே, ஜூன் 20 அன்று, சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் என்ற ஊரில் 38 டிகிரி வெயில். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே! அன்று மும்பையில் இருந்த நாங்கள் அந்த அளவு வெயிலைப் பார்க்கவில்லை. 2016இல் சைபீரியாவின் யமால் பகுதியில் ஆந்த்ராக்ஸ் என்ற தொற்றுநோய் பரவி 2,000க்கும் மேற்பட்ட கலைமான்கள் செத்தன, 12 வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்தான். மண் இளகி, எப்போதோ செத்த விலங்குகளில் உறைந்திருந்த கிருமி வெளியே வந்திருக்கலாம் என்றார்கள். மேய்ச்சலை நம்பி வாழும் நெனெட்ஸ் குடும்பங்களுக்கு அது எப்படிப்பட்ட இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். பருவநிலை மாற்றம் என்றால் பனிக்கரடி படத்தைத்தான் போடுகிறோம். அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

அரசியலும் தரையைப் பொறுத்துத்தான். வடக்கே கடல் என்பதால் கடல் சட்டம் செல்லும். கரையுள்ள நாடுகளுக்கு 200 கடல் மைல் வரை உரிமை, கடலடி நிலம் நீண்டிருந்தால் அதற்கு அப்பாலும் கேட்கலாம். எட்டு நாடுகள் சேர்ந்து 1996இல் ஆர்க்டிக் கவுன்சில் அமைத்தன. இந்தியா 2013 முதல் அதில் பார்வையாளர். ஆர்க்டிக் கரையில் பாதி ரஷ்யாவிடம் இருக்கிறது. 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் படை அனுப்பியதும் மற்ற ஏழு நாடுகளும் கவுன்சில் வேலையை நிறுத்திவைத்தன. பின்னர் ஓரளவு தொடங்கினாலும், சைபீரியாவின் உறைமண்ணிலிருந்து மேற்கத்திய ஆய்வாளர்களுக்கு வந்துகொண்டிருந்த அளவீடுகள் பெரும்பாலும் நின்றுபோயின. துருவ ஆய்வுக்கு இன்று நேர்ந்திருக்கும் பெரிய இழப்பாக இதைத்தான் நான் நினைக்கிறேன். பாதி வரைபடம் இருட்டில் இருந்தால் மீதியை வைத்து என்ன கணிப்பது? இதற்கு நடுவே பனி விலகி ரஷ்யாவின் வடகடல் வழியில் சரக்குக் கப்பல்கள் கூடுகின்றன, கிரீன்லாந்தின் கனிமங்களையும் அதன் இருப்பிடத்தையும் பெரிய நாடுகள் வெளிப்படையாகவே குறிவைக்கின்றன. ஒரு நல்ல செய்தியும் உண்டு. மத்திய ஆர்க்டிக் கடலில் வணிக மீன்பிடிப்பை 16 ஆண்டுகளுக்குத் தள்ளிவைக்கும் ஒப்பந்தம் 2021இல் நடப்புக்கு வந்தது. மீன்பிடி தொடங்குவதற்கு முன்னாலேயே தடுத்தது அபூர்வம்.

தெற்கே ஏழு நாடுகள் நிலத்துக்கு உரிமை கோரியிருந்தன. 1959 டிசம்பர் 1 அன்று 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்டிக் ஒப்பந்தம் அந்தக் கோரிக்கைகளை அப்படியே நிறுத்திவைத்தது. யாரும் விட்டுக்கொடுக்கவும் வேண்டாம், புதிதாகக் கேட்கவும் முடியாது. ராணுவ நடவடிக்கை கூடாது, அணுகுண்டுச் சோதனை கூடாது, ஆய்வு முடிவுகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பனிப்போரின் உச்சத்தில் அமெரிக்காவும் சோவியத்தும் சேர்ந்து இதில் கையெழுத்திட்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது நிறைந்துபோகும். 1991இல் கையெழுத்தான மாட்ரிட் உடன்பாடு சுரங்கத் தொழிலைத் தடை செய்தது. 2048இல் அது காலாவதியாகிவிடும் என்று சில பயிற்சிக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்கள், அது தவறு. தடைக்குக் காலக்கெடு இல்லை. 2048க்குப் பிறகு மறுபரிசீலனைக் கூட்டம் கேட்கலாம், அவ்வளவுதான்.

இந்தியாவின் கதை 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கிளம்பிய கப்பலோடு தொடங்குகிறது. கடலியல் அறிஞர் எஸ்.இசட். காசிம் தலைமையில் 1982 ஜனவரி 9 அன்று நம்மவர்கள் பனியில் கால் வைத்தார்கள். முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி பனித்தட்டின் மேலேயே கட்டப்பட்டது. பனி மேலே மேலே விழுந்து மூடி, 1990 வாக்கில் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. அது பனியில் புதைந்துவருவதைப் பார்த்துக் கட்டியவை 1989இல் மைத்ரி, 2012இல் பாரதி, இரண்டும் பாறைத் தரையில் நிற்கின்றன. வடக்கே நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008 முதல் ஹிமாத்ரி. அண்டார்டிகாவுக்கு நம் அஞ்சலகம்கூட உண்டு. கோவா அஞ்சல் பகுதி மகாராஷ்டிர வட்டத்தில் வருவதால், 2024இல் பாரதி நிலையத்தில் தொடங்கிய கிளை அஞ்சலகத்தின் பின்கோடு எம்எச் 1718. நம் மகாராஷ்டிரா அவ்வளவு தூரம் நீளுகிறது!

எதற்காக இந்தச் செலவு என்று கேட்டிருந்தீர்கள். ஓசோன் கதையைச் சொல்கிறேன். அண்டார்டிகாவில் பிரிட்டன் வைத்திருக்கும் ஹாலி நிலையத்தில் ஆண்டுக்கணக்காக, பெரிதாக யாரும் கவனிக்காத ஓர் அளவீட்டை விடாமல் எடுத்துவந்தார்கள். 1985இல் அதிலிருந்துதான் அண்டார்டிகா மேலே ஓசோன் படலம் வசந்தகாலத்தில் மெலிந்துபோவது வெளிவந்தது. இரண்டே ஆண்டில், 1987இல், மாண்ட்ரியல் உடன்பாடு. குளிர்பெட்டிகளிலும் ஸ்ப்ரேக்களிலும் இருந்த, ஓசோனை அழிக்கும் குளோரோஃப்ளோரோகார்பன்கள் படிப்படியாக ஒழிந்தன. 2066 வாக்கில் அந்த ஓட்டை பழைய நிலைக்குத் திரும்பும் என்று கணிக்கிறார்கள். அந்த அளவீட்டை வீண் செலவு என்று நிறுத்தியிருந்தால்? அதே போல அண்டார்டிகாவின் பனியைத் துளைத்து எடுத்த தண்டுகளில் சிக்கியிருக்கும் காற்றுக் குமிழிகள்தான், கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் தொழிற்புரட்சிக்கு முன்பு வரை கரியமில வாயு பத்து லட்சத்தில் 300 பங்கைத் தாண்டியதில்லை என்று காட்டின. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது.

தெற்கேயும் நிலைமை சட்டென்று மாறுகிறது. பல ஆண்டுகளாகக் கொஞ்சம் கூடிக்கொண்டே வந்த அண்டார்டிகாவின் கடற்பனி 2016 முதல் சரிந்தது, 2023 குளிர்காலத்தில் செயற்கைக்கோள் காலத்திலேயே மிகக் குறைந்தது. 2022இல் பெல்லிங்ஸ்ஹாசன் கடல் பகுதியில் எம்பரர் பெங்குவின்களின் ஐந்து குடியிருப்புகளில் நான்கில், குஞ்சுகளுக்கு நீர் ஒட்டாத இறகு முளைப்பதற்குள் காலடிப் பனி உடைந்துபோனது. அந்த ஆண்டுக் குஞ்சுகள் அநேகமாக ஒன்றும் பிழைக்கவில்லை.

கடைசியாக உங்கள் தெரு. மாஹிம் கடல் அலையாக எழுந்து 90 அடி ரோட்டுக்கு வருவதில்லை. நடப்பது வேறு. மும்பையின் மழைநீர் வடிகால்களில் பெரும்பாலானவற்றின் வாய் ஹை டைட் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஹை டைட் நேரத்தில் கடல் அந்த வாயை அடைத்துக்கொள்ளும், மழைநீர் வெளியே போக வழியிருக்காது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியது, மதியத்துக்கு மேல் ஹை டைட்டும் சேர்ந்தது. மித்தி ஆறு கடலுக்குப் போக முடியாமல் ஊருக்குள் திரும்பியது. அன்று இரவு குர்லாவிலிருந்து சயானுக்கு இடுப்பளவுத் தண்ணீரில் முன்பின் தெரியாதவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தேன். நாங்கள் நடந்தது முழுக்க மழைநீரில்தான். ஆனால் அதைப் போகவிடாமல் பிடித்துவைத்ததில் கடலுக்குப் பங்கு இருந்தது.

இந்த நூற்றாண்டு முடிவில் உலகக் கடல் மட்டம், நாம் புகையை எவ்வளவு குறைக்கிறோம் என்பதைப் பொறுத்து, 28 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை உயரலாம் என்று ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2021இல் கணித்தது. அந்த இடைவெளி இவ்வளவு அகலமாக இருப்பதற்கு ஒரு பெரிய காரணம் த்வெய்ட்ஸ் மாதிரியான பனியாறுகள் எவ்வளவு சீக்கிரம் நகரும் என்பது இன்னும் பிடிபடாததுதான். முப்பது சென்டிமீட்டர் உயர்ந்தாலே ஒவ்வொரு ஹை டைட்டுக்கும் அந்த வடிகால் வாய் கொஞ்சம் முன்னதாக மூடும், கொஞ்சம் தாமதமாகத் திறக்கும். பம்பு வைத்து நீரை இறைத்துவிடும் நிலையங்களை மாநகராட்சி கட்டுவது அந்த நேரத்தைச் சமாளிக்கத்தான். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் நாலரை மீட்டரைத் தாண்டும் ஹை டைட் நாள்களின் பட்டியலை வெளியிடுவார்கள். அதை வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள், தம்பி. அந்த நாள்களில் கனமழை எச்சரிக்கையும் சேர்ந்தால், கீழ்த்தளத்தில் இருக்கும் அரிசி, துணி, உங்கள் புத்தகங்கள் எல்லாவற்றையும் முதல் நாளே பரணில் ஏற்றிவிடுங்கள்.